வழிநூலின் வாய்மை

ஒரு மொழியில் பிறந்த நூல் வேற்று மொழியினரைச் சென்றடைவது, ஒருவன் தன் பொருளை இடையாள் ஒருவன் கையில் கொடுத்துக் கடல் கடந்து வாழும் உறவினரிடம் சேர்ப்பிக்கச் சொல்வது போன்றது. கொடுத்தவன் உடன் செல்வதில்லை. பெறுபவனோ, கொடுத்தவன் எவ்வளவு கொடுத்தான் என்பதை அறியான். இருவரும் இடையில் நிற்பவனின் நேர்மை ஒன்றையே நம்பியிருக்கின்றனர். பொருள் குறைந்து வந்தாலும் பெறுபவன் மகிழ்ச்சியோடுதான் பெற்றுக்கொள்வான். குறைந்து வந்தது என்பதை அவனுக்கு எவர் எடுத்துச் சொல்வார்?

மொழிபெயர்ப்பைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அதன் நயத்தைப் பற்றியே பேசுகின்றனர். நடை தங்குதடையின்றிச் செல்கின்றதா, படிக்கச் சுவையாக உள்ளதா என்பனவே முதன்மையான வினாக்களாகின்றன. இவை வேண்டத்தக்க வினாக்களே. ஆயினும் இவற்றுக்கு முன்னே நிற்கும் வினாக்கள் உள. மொழிபெயர்ப்பாளன் யாருக்குக் கடன்பட்டவன்? மூலநூல் ஆசிரியனுக்கா, படிப்பவனுக்கா, நூலில் பேசப்படும் மக்களுக்கா? அவன் செய்யும் பிழைகளுள் எது பொறுக்கத்தக்கது? எது பொறுக்கத் தகாதது? இவை இலக்கிய வினாக்கள் மட்டும் அல்ல, அற வினாக்களுமாகும். இவற்றுக்கு விடை காண்பதற்கு, உயர்ந்த கருவோடு பிறந்து மொழிபெயர்ப்பினால் ஊனமுற்ற நாவல் ஒன்றின் வரலாறு பெரிதும் துணை செய்யும்.

கடலடியில் பிறந்த கரு

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1828ஆம் ஆண்டில் பிறந்து 1905ஆம் ஆண்டில் மறைந்தவர். அவர் இயற்றிய ‘கடலடியில் இருபதாயிரம் காதம்’ என்னும் நாவல், ஹெட்செல் என்னும் பதிப்பாளரின் இளைஞர் இதழில் 1869, 1870ஆம் ஆண்டுகளில் தொடராக வெளிவந்தது. காதம் என இங்குக் கூறப்படுவது பிரெஞ்சுக்காரர்களின் ‘லியூ’ என்னும் நீட்டலளவை. ஒரு லியூ நான்கு கிலோமீட்டர் ஆகும். எனவே இருபதாயிரம் என்பது கடலின் ஆழத்தைக் குறிப்பதன்று. நீர்மூழ்கிக் கப்பலொன்று கடலடியில் பயணம் செய்த 80,000 கிலோமீட்டர் தொலைவைக் குறிப்பது. உலகை இருமுறை சுற்றி வருவதற்கு ஒப்பான தொலைவு அது.

நாட்டிலஸ் என்னும் அக்கப்பல் மின்னாற்றலால் இயங்குவது. நீராவிக் கப்பல்கள் கடலை ஆண்ட காலத்தில் வெர்ன் இவ்வாறு எண்ணிப் பார்த்தார். மின்னாற்றலுக்கு வேண்டிய சோடியத்தைக் கடல்நீரே தருகின்றது. உண்ணும் உணவும் உடுக்கும் உடையும் கடலிலிருந்தே கிடைக்கின்றன. நிலத்தில் உள்ள எந்த அரசுக்கும் எந்தச் சந்தைக்கும் கடன்படாத வாழ்வு அது. அக்கப்பலின் தலைவன் தன்னை நெமோ என்று அழைத்துக்கொள்கின்றான். இலத்தீன் மொழியில் அச்சொல்லுக்கு ‘எவனும் இல்லை’ என்பது பொருள்.

நாவலின் உயிர் இயந்திரத்தில் இல்லை. அதைச் செலுத்தும் மனிதனிடத்தில்தான் இருக்கின்றது. பேரறிவும் பேராற்றலும் கைவரப் பெற்ற ஒருவன், பெருங்கொடுமைக்கு ஆளானவனாகவும் இருப்பானாயின், தன் ஆற்றலை எவ்வாறு பயன்படுத்துவான்? அவன் செய்யும் பழிவாங்கலை நீதி என்பதா, மற்றுமொரு கொடுமை என்பதா? நெமோ போர்க்கப்பல் ஒன்றை அதில் உள்ளோருடன் மூழ்கடிக்கின்றான். அவனது அறிவை வியந்து போற்றிய பேராசிரியர் அரோனாக்ஸ் அக்காட்சியைக் கண்டு நடுங்குகின்றார். அதே நெமோ, இலங்கையை அடுத்த மன்னார் வளைகுடாவில் சுறாமீனின் வாயிலிருந்து ஏழை முத்துக்குளிப்பவன் ஒருவனைத் தன் உயிரையும் பொருட்படுத்தாது காப்பாற்றுகின்றான். அவன் கையில் முத்துகள் நிறைந்த பை ஒன்றையும் கொடுத்து அனுப்புகின்றான். ஒடுக்கப்பட்ட நாட்டைச் சேர்ந்தவன் அவன் என்றும், தானும் இறுதி மூச்சுவரை அந்நாட்டினனே என்றும் பின்னர்ப் பேராசிரியரிடம் கூறுகின்றான். கொற்கை முத்தின் பெருமையை இலக்கியத்தில் படிக்கும் தமிழ் மாணவர், மன்னார்க் கடலில் மூச்சடக்கி மூழ்கிய எளிய மக்களின் துயரத்தைப் பிரெஞ்சு நாவல் ஒன்று ஒரு கணம் நின்று நோக்கியது என்பதை அறிந்துகொள்வது நன்று.

நெமோவின் உள்ளத்தைக் காட்டும் இடம் மற்றொன்றும் உண்டு. அவனது தனியறைச் சுவரில் சில பெரியோரின் படங்கள் தொங்குகின்றன. போலந்தின் கொஷ்சியுஸ்கோ, கிரேக்கத்தின் போட்சாரிஸ், அயர்லாந்தின் ஓ’கானல், அமெரிக்காவின் வாஷிங்டன், இத்தாலியின் மானின், அடிமைத் தளையை அறுத்த லிங்கன், அடிமைகளின் விடுதலைக்காகத் தூக்குமரம் ஏறிய ஜான் பிரவுன் ஆகியோரின் படங்கள் அவை. நெமோ யார், எதற்காகப் போராடுகின்றான் என்பதை வெர்ன் நேராகச் சொல்லவில்லை. அந்தச் சுவரைக் காட்டி, படிப்பவரே உய்த்துணருமாறு விட்டுவிடுகின்றார்.

கைமாறியபோது நேர்ந்தது

இந்நாவலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1872ஆம் ஆண்டின் இறுதியில், 1873 என்னும் ஆண்டுக் குறிப்புடன் இலண்டனில் வெளிவந்தது. மொழிபெயர்த்தவர் லூயிஸ் பேஜ் மெர்சியர் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு. அவர் ‘மெர்சியர் லூயிஸ்’ என்னும் புனைபெயரில் அப்பணியைச் செய்தார். மூலநூலில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாத பகுதி அம்மொழிபெயர்ப்பில் இடம்பெறவில்லை. எஞ்சிய பகுதியிலும் பிழைகள் மலிந்திருந்தன.

அப்பிழைகளுள் சில நகைப்புக்கு இடமானவை. கதையின் தொடக்கத்தில் பேராசிரியர் அரோனாக்ஸ் அமெரிக்காவின் நெப்ராஸ்காப் பகுதியில் ஆராய்ச்சி செய்துவிட்டுத் திரும்புகின்றார். அங்குள்ள வறண்டு அரித்துப்போன நிலப்பகுதிக்குக் ‘கெட்ட நிலங்கள்’ என்னும் பொருளில் பெயர் வழங்கிவந்தது. மொழிபெயர்ப்பாளர் அது இடப்பெயர் என்பதை உணராமல், நெப்ராஸ்கா முழுவதையுமே ‘மனத்துக்குப் பிடிக்காத ஆட்சிப்பகுதி’ ஆக்கிவிட்டார்.

நீரில் மூழ்குவோர் அணியும் உடைக்கும் கருவிக்கும் பிரெஞ்சில் ‘ஸ்காஃபாந்தர்’ என்று பெயர். பழைய வழக்கில் அச்சொல் நீரில் மிதப்பதற்கு உதவும் தக்கை அங்கியைக் குறித்தது. மெர்சியர் அந்தப் பழம்பொருளையே கொண்டு, அதனைத் ‘தக்கை அங்கி’ என்று மொழிபெயர்த்தார். கடலின் அடியில் நடப்பதற்குரிய உடை, மூழ்கவே விடாத உடையாக மாறிற்று!

மற்றுமோர் எடுத்துக்காட்டு வகுப்பறைக்கு மிகவும் பொருத்தமானது. நாட்டிலஸ் கப்பலின் எஃகுத் தகடுகள் நீரைவிட 7.8 மடங்கு அடர்த்தி உடையவை என்று வெர்ன் எழுதினார். அவர் அவ்வெண்ணை எழுத்தால், ‘ஏழு, பத்தில் எட்டு’ என்னும் முறையில் குறித்திருந்தார். மொழிபெயர்ப்பில் அது ‘.7 முதல் .8 வரை’ என்று ஆகிவிட்டது. அதாவது எஃகு நீரைவிட இலேசானது என்று ஆயிற்று. அத்தகைய எஃகு நீரில் கட்டைபோல் மிதக்கும். வெர்ன் தம் நாவலுக்காக அறிவியல் நூல்களைத் தேடித்தேடிப் படித்துக் கணக்கிட்டவர். ஆனால் ஆங்கிலத்தில் அவரைப் படித்த அறிவியல் மாணவன், அடர்த்திக் கணக்கும் அறியாத எழுத்தாளர் என்று அவரை எண்ணி நகைத்திருப்பானாயின், அவன்மீது குற்றம் சொல்ல இயலுமா?

இவை யாவும் அறியாமையாலும் விரைவாலும் நேர்ந்தவை எனலாம். ஆனால் நெமோவின் அறைச் சுவரில் இருந்த படங்கள் அம்மொழிபெயர்ப்பில் காணாமற் போனதை அவ்வாறு கூற இயலாது. கொஷ்சியுஸ்கோ முதல் ஜான் பிரவுன் வரை அனைவரும் மறைந்தனர். அவர்கள் மறைந்ததும், விடுதலை வேட்கையால் உந்தப்பட்ட நெமோவும் பாதி மறைந்தான். முத்துக்குளிப்பவனுக்கு இரங்கும் செயல் மொழிபெயர்ப்பில் எஞ்சியது; அச்செயலுக்கு வேராக இருந்த கொள்கையின் பெரும்பகுதி எஞ்சவில்லை. புரியாத சினம் கொண்ட விந்தை மனிதனாக அவன் ஆங்கில வாசகருக்கு அறிமுகமானான்.

இளவரசனின் வரலாறு

இதனினும் ஆழமான மாற்றம் இரண்டாம் நூலில் நிகழ்ந்தது. 1874, 1875ஆம் ஆண்டுகளில் வெளிவந்த ‘மறைபுதிர்த் தீவு’ என்னும் நாவலில் நெமோ மீண்டும் தோன்றுகின்றான். இறக்கும் தறுவாயில் தான் யார் என்பதை வெளிப்படுத்துகின்றான். அவன் இந்திய இளவரசன். டக்கார் என்பது அவன் பெயர். புந்தேல்கண்டைச் சேர்ந்த அரசன் ஒருவனின் மகன். திப்பு சுல்தானின் உறவினன். 1857ஆம் ஆண்டில் இந்தியாவில் எழுந்த பெருங்கிளர்ச்சிக்கு உயிராக நின்றவன். தன் செல்வத்தையும் திறமையையும் அதற்கு ஈந்து, முன்னணியில் நின்று போரிட்டுக் காயமுற்றவன். கிளர்ச்சி ஒடுக்கப்பட்டு, குடும்பத்தையும் நாட்டையும் இழந்தபின் கடலுக்குள் புகுந்தவன். இதுவே வெர்ன் எழுதிய வரலாறு.

1875ஆம் ஆண்டிலேயே இலண்டனில் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பு வெளிவந்தது. சிறுவர்க்கான வீரதீரக் கதைகள் எழுதிவந்த கிங்ஸ்டன் என்பவரின் பெயரில் அது வந்தது. அதனை மொழிபெயர்த்தவர் அவருடைய துணைவியார் ஆக்னஸ் என்பது பிற்கால ஆய்வாளர் கருத்து. கதைத்தலைவர்களுள் ஒருவரான சைரஸ் ஸ்மித்தின் பெயர் அதில் சைரஸ் ஹார்டிங் என்று மாற்றப்பட்டது. அது சிறிய மாற்றம். 1857ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளைக் கூறும் பகுதியோ தலைகீழாகத் திருப்பப்பட்டது. பேராசையும் வஞ்சகமும் கொண்ட சிற்றரசர்கள் அறியாமையில் கிடந்த மக்களைத் தூண்டிவிட்டார்கள் என்றும், போரும் குழப்பமும் நிறைந்திருந்த நாட்டுக்கு அமைதியும் வளமும் தந்த ஆங்கிலேயருக்கு எதிராக அம்மக்கள் எழுந்தார்கள் என்றும், டக்கார் தன் ஆசை நிறைவேறும் என்று நம்பி அதில் எளிதாக இழுக்கப்பட்டான் என்றும் அம்மொழிபெயர்ப்பு கூறுகின்றது. விடுதலைப் போரின் உயிராக நின்றவன், பிறர் சூழ்ச்சிக்கு ஆளான ஏமாளி ஆனான்.

வெர்ன் தம் காலத்து ஐரோப்பியப் பார்வையிலிருந்து முற்றிலும் விடுபட்டவர் அல்லர். பிரிட்டிஷ் ஆட்சியைக் குறைகூறுவது பிரெஞ்சுக்காரருக்கு எளிதாக இருந்தது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதத்தில் உண்மையும் இருக்கலாம். ஆனால் அவற்றையெல்லாம் எடைபோட வேண்டியவன் வாசகன். ஆசிரியரின் கருத்து தவறு என்று மொழிபெயர்ப்பாளனுக்குத் தோன்றினால், முன்னுரையில் மறுத்து எழுதலாம், அடிக்குறிப்பில் வாதிடலாம், அந்நூலையே மொழிபெயர்க்க மறுக்கலாம். தன் கருத்தை ஆசிரியரின் வாயில் வைத்துப் பேசச் செய்வதற்கு மட்டும் அவனுக்கு உரிமை இல்லை.

சேதாரமும் கலப்படமும்

மொழிபெயர்ப்பில் எதுவும் இழக்கப்படாமல் இராது என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வர். ஒலிநயம் போகும், சிலேடை போகும், ஒரு சொல்லைச் சுற்றி நிற்கும் நினைவுகள் போகும். பொற்கொல்லன் நகை செய்யும்போது சிறிதளவு பொன் தூளாய் உதிர்வதில்லையா? அதனைச் சேதாரம் என்கின்றோம். நகை செய்யக் கொடுப்பவரும் அதை அறிந்தே கொடுக்கின்றனர். சேதாரம் குற்றமன்று.

கொல்லனின் கை தவறி நகை வளைந்துபோவது இரண்டாம் நிலை. அது திறமைக் குறை. நெப்ராஸ்காவும் தக்கை அங்கியும் எஃகின் அடர்த்தியும் இவ்வகையைச் சேர்ந்தவை. அவன் கண்டிக்கப்பட வேண்டியவனே. ஆயினும் திருடன் அல்லன். மூன்றாம் நிலை, பொன்னை எடுத்துக்கொண்டு செம்பைக் கலந்து, பொன்னகை என்று சொல்லிக் கொடுப்பது. அது கலப்படம். 1857ஆம் ஆண்டின் வரலாறு திருப்பி எழுதப்பட்டது இவ்வகையைச் சேர்ந்தது.

இம்மூன்றனுள் வாசகனுக்கு மிகப்பெரிய தீங்கு செய்வது எது? எஃகு நீரைவிட இலேசானது என்னும் பிழை நூலின் ஏட்டிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகின்றது. ஆர்க்கிமிடீஸின் விதியைக் கற்ற மாணவன் அங்கே நின்றுவிடுவான். ஏதோ பிழை உள்ளது என்று ஐயுறுவான். திறமையற்ற மொழிபெயர்ப்பு இவ்வாறு இடறி இடறித் தன் குறையைத் தானே அறிவிக்கும். ஆனால் அமைதியையும் வளத்தையும் தந்த ஆட்சி என்னும் வாக்கியத்தில் எந்த இடறலும் இல்லை. இலக்கணம் சரியாக இருக்கின்றது, நடை ஓடுகின்றது, சுற்றியுள்ள வாக்கியங்களோடு இசைந்து நிற்கின்றது. மூலநூலைக் கையில் வைத்துக்கொண்டு ஒப்பிட்டாலன்றி அதை எவராலும் கண்டுபிடிக்க இயலாது. பிழை என்பது வெளிப்படும் தீமை. பொய் என்பது மறைந்து நிற்கும் தீமை. ஆகவே மொழிபெயர்ப்பில் நயமான நடை ஒன்றே நன்மைக்குச் சான்று ஆகாது. சில வேளைகளில் அந்நடையே குற்றத்தை மறைக்கும் திரையாகிவிடும்.

தீங்கு யாருக்கு என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். முதலாவதாக ஆசிரியருக்கு. ஆங்கிலம் பேசும் உலகில் வெர்ன் நெடுங்காலம் சிறுவர்க்கான கதாசிரியராகவே எண்ணப்பட்டார். பிரான்சிலும் அவரை இளைஞர் எழுத்தாளர் என்று ஒதுக்கியவர் உண்டு. ஆயினும் அங்கே அவரை மறுபடியும் ஆராய விரும்பியவர்க்கு முழுநூல் கையில் இருந்தது. ஆங்கில வாசகர்க்கு அதுவும் இல்லை. இரண்டாவதாக, நம்பிப் படித்த வாசகருக்கு. மூன்றாவதாக, யாருக்காக அந்நூல் பேசிற்றோ அம்மக்களுக்கு. ஆங்கிலேயர் ஆட்சியில் ஆங்கிலம் பயின்ற இந்திய மாணவன் ஒருவன் அந்தப் பதிப்பைப் படித்திருப்பானாயின், தன் முன்னோர் அறியாமையால் கிளர்ந்தெழுந்தனர் என்று ஐரோப்பியப் பேரறிஞர் ஒருவரே கூறுவதாக எண்ணித் தலைகுனிந்திருப்பான். உண்மையில் அவ்வறிஞர் எழுதியதோ அவனைத் தலைநிமிரச் செய்யும் செய்தி. நண்பனின் குரலில் பகைவனின் சொல்லைக் கேட்பது எத்துணைக் கொடுமை!

எதிர்வாதங்களும் விடைகளும்

இம்மொழிபெயர்ப்பாளர்களுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கனவும் உண்டு. அவற்றை ஒதுக்கிவிடுவது நடுவுநிலைமை ஆகாது.

குறைந்த வடிவிலேனும் வெர்னை ஆங்கில உலகுக்குக் கொண்டு சேர்த்தவர்கள் அவர்கள்தாமே என்பது முதல் வாதம். உண்மைதான். நாட்டிலஸ் கப்பலும் அதன் பயணமும் பல தலைமுறைச் சிறுவர்களின் கற்பனையைக் கிளர்ந்தெழச் செய்தன. அதற்கு நன்றி பாராட்டத்தான் வேண்டும். ஆனால் நன்றி என்பது கணக்கைத் தீர்த்துவிடுவதில்லை. கப்பல் கரை சேர்ந்தது. அதைச் செலுத்திய மனிதன் வழியில் இழக்கப்பட்டான்.

சிறுவர்களுக்கு உரிய நூலில் அரசியல் எதற்கு, அவர்கள் நன்மைக்காகவே நீக்கியிருக்கலாமே என்பது இரண்டாம் வாதம். குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்னும் வள்ளுவர் கருத்தைக்கூட இதற்குத் துணையாக ஒருவர் அழைக்கலாம். ஆனால் அந்தக் குறளின் நிபந்தனையைக் கூர்ந்து நோக்க வேண்டும். நன்மை விளைந்தால் மட்டும் போதாது. அந்நன்மை குற்றமற்றதாக இருத்தல் வேண்டும். ஒரு நாட்டுச் சிறுவர்க்கு மனநிறைவு தருவதற்காக மற்றொரு நாட்டு மக்களின் வரலாற்றைத் திரிப்பது குற்றமற்ற நன்மை ஆகுமா? ஆகாது என்பது வெளிப்படை.

மூன்றாம் வாதம் தமிழ் மாணவர்க்கு மிகவும் அருகில் உள்ளது. கம்பர் வால்மீகியை மாற்றிப் பாடவில்லையா? அவரைப் போற்றும் தமிழுலகம் மெர்சியரை மட்டும் குறைகூறலாமா? இதற்கு விடை தொல்காப்பிய மரபியலிலேயே உள்ளது. முதல்நூலை அடியொற்றி எழும் வழிநூலை அந்நூல் நான்கு வகையாகப் பிரிக்கின்றது. விரிந்ததைத் தொகுத்தல், தொகுத்ததை விரித்தல், இரண்டையும் கலந்து செய்தல், முறைப்படி மொழிபெயர்த்தல் என்பன அவை. நான்கும் ஏற்கத்தக்கனவே; எதுவும் இழிந்ததன்று. ஆனால் நான்கும் வெவ்வேறு. ஒன்றைச் செய்துவிட்டு மற்றொன்றின் பெயரைச் சூட்டுவதுதான் தவறு. கம்பர் தமக்கு முன் வடமொழியில் அக்கதையைச் செய்தவர்களுள் முதல்வரைப் பின்பற்றியதாகப் பாயிரத்தில் கூறிவிட்டே, தம் காப்பியத்தைத் தம் கற்பனையால் படைத்தார். கம்பராமாயணம் என்றே அது வழங்குகின்றது. அதைப் படித்துவிட்டு வால்மீகியின் சொற்களைப் படித்ததாக எவரும் எண்ணுவதில்லை. மெர்சியரின் நூலைப் படித்தவரோ வெர்னைப் படித்ததாகவே எண்ணினர். தொகுத்தலைச் செய்து மொழிபெயர்த்தல் என்று பெயரிட்டது அங்கு நிகழ்ந்த குற்றம். ‘சுருக்கப் பதிப்பு’ என்னும் இரு சொற்களை முகப்பில் இட்டிருந்தால் அக்குற்றத்தின் பெரும்பகுதி நீங்கியிருக்கும்.

நான்காம் வாதமும் ஒன்றுண்டு. பதிப்பாளர் ஹெட்செல்லே வெர்னின் கருவை மாற்றவில்லையா என்பர். நெமோவை, 1863ஆம் ஆண்டுப் போலந்துக் கிளர்ச்சியில் ரஷ்யரால் குடும்பத்தை இழந்த போலந்து நாட்டுப் பெருமகனாகப் படைக்கவே வெர்ன் முதலில் எண்ணினார். ஹெட்செல் அதை ஏற்கவில்லை. இருவரும் கடிதங்கள் வழியே வாதிட்டனர். முடிவில் முதல் நாவலில் நெமோவின் நாடு கூறப்படாமல் விடப்பட்டது. அது வணிக நோக்கில் வந்த தடை என்பது உண்மையே. ஆயினும் அங்கே ஆசிரியர் உடனிருந்தார், மறுத்தார், இறுதியில் இசைந்து தம் கையொப்பத்தை இட்டார். மனம் வருந்தி இசைந்தாலும் அது அவர் இசைவு. அவர் இசைவுக்குப் பின், அவர் கையொப்பத்தின் கீழ், அவரறியாமல் எழுதப்படும் சொல்லுக்கும் அதற்கும் உள்ள வேறுபாடு, கொடுத்தலுக்கும் களவுக்கும் உள்ள வேறுபாடே ஆகும்.

ஒப்பிட்டுப் பார்த்த கண்கள்

இக்குறை எவ்வாறு வெளிப்பட்டது? 1960களில் வால்ட்டர் ஜேம்ஸ் மில்லர் என்னும் அமெரிக்கப் பேராசிரியர், பரவலாக வழங்கிய ஆங்கிலப் பதிப்பைப் பிரெஞ்சு மூலத்தோடு வைத்து ஒப்பிட்டார். விடுபட்ட பகுதிகளையும் பிழைகளையும் எடுத்துக்காட்டி எழுதினார். 1976ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட விளக்கவுரைப் பதிப்பு அவற்றை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டியது. பின்னர் 1993ஆம் ஆண்டில் மில்லரும் வால்ட்டர் என்னும் மற்றோர் அறிஞரும் இணைந்து முழுமையான மொழிபெயர்ப்பைத் தந்தனர். 1998ஆம் ஆண்டில் வில்லியம் பட்சரின் மொழிபெயர்ப்பு ஆக்ஸ்போர்டுப் பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. ‘மறைபுதிர்த் தீவு’ நாவலும் 2001ஆம் ஆண்டில் சிட்னி கிராவிட்ஸ் முதலியோரின் புதிய மொழிபெயர்ப்புகளைப் பெற்றது. நெமோவின் சுவரில் அப்படங்கள் மீண்டும் தொங்கின.

முதல் மொழிபெயர்ப்புக்கும் அதன் குறை பரவலாக அறியப்பட்டதற்கும் இடையே ஏறத்தாழ தொண்ணூறு ஆண்டுகள் கழிந்தன. நல்ல மொழிபெயர்ப்புகள் வந்தபின்னும் பழைய பதிப்புகள் மறையவில்லை. பதிப்புரிமைக் காலம் முடிந்துவிட்டமையால் அவற்றை எவரும் செலவின்றி அச்சிடலாம். ஆகவே அவை இன்றும் மலிவுப் பதிப்புகளாகப் புத்தகக் கடைகளில் காணப்படுகின்றன. ஆங்கில வழியாகப் பிறமொழி இலக்கியங்களைத் தமிழுக்குக் கொண்டுவர முற்படுவோர் இதனை நினைவில் கொள்ள வேண்டும். கலப்படப் பொன்னை உருக்கி எத்துணை அழகாக நகை செய்தாலும் உள்ளே செம்பு இருக்கவே செய்யும். எந்தப் பதிப்பிலிருந்து, யார் மொழிபெயர்த்ததிலிருந்து மொழிபெயர்க்கின்றோம் என்பதை முதலில் அறிவதும், அதை நூலின் முகப்பிலேயே அறிவிப்பதும் மொழிபெயர்ப்பாளனின் முதற்கடமை.

வகுப்பறையில் தொடங்கும் அறம்

இவ்வறம் பெரிய நூல்களுக்கு மட்டும் உரியதன்று. மலாயும் ஆங்கிலமும் தமிழும் அன்றாடம் புழங்கும் இந்நாட்டில், தமிழ் மாணவன் ஒவ்வொருவனும் நாள்தோறும் மொழிபெயர்ப்பாளனாகவே வாழ்கின்றான். அரசாங்க அறிவிப்பைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்பவன் அவன். மருத்துவமனையில் மருத்துவரின் சொல்லைத் தாய்க்கு விளக்குபவனும் அவனே. அவன் சொல்லாமல் விட்ட ஒரு சொல், அவர்களுக்குச் சொல்லப்படாத சொல்லாகவே நின்றுவிடும்.

வகுப்பில் மொழிபெயர்ப்புப் பயிற்சி தரப்படுகின்றது. ஒரு மாணவன் கடினமான வாக்கியம் ஒன்றைப் புரிந்துகொள்ள இயலாமல், அவ்விடத்தில் கோடிட்டு வெற்றிடமாக விட்டுவிடுகின்றான். மற்றொரு மாணவன் அதே வாக்கியத்தை ஓசையின்றித் தாண்டி, முன்னதையும் பின்னதையும் இணைத்து, தடையில்லாத பத்தியாக எழுதித் தருகின்றான். விடைத்தாளைத் திருத்தும் ஆசிரியரின் சிவப்பு மை எவன் தாளில் அதிகம் படும்? முன்னவன் தாளில்தான். படிப்பதற்கு இனிமையாக இருக்கின்றது என்று பின்னவனுக்கு மதிப்பெண் கூடவும் செய்யும். மெர்சியரின் நூல் பல தலைமுறை வாசகரிடம் பெற்ற மதிப்பெண்ணும் இத்தகையதே. ‘இது எனக்குத் தெரியவில்லை’ என்று ஒப்புக்கொண்ட வெற்றிடம், தெரிந்ததுபோல் நடித்த பத்தியைவிட உயர்ந்தது என்பதை ஆசிரியர் சொல்லால் மட்டுமன்றி மதிப்பெண்ணாலும் உணர்த்துதல் வேண்டும்.

திறமை, பயிற்சியால் வளரும். சொல்வளம், படிப்பால் பெருகும். இன்று தக்கை அங்கி என்று எழுதிய மாணவன் நாளை அகராதியைப் புரட்டித் திருத்திக்கொள்வான். தாண்டிச் செல்வதையும் திரித்துச் சொல்வதையும் சிறுவயதில் பழகியவனைத் திருத்துவதற்கு எந்த அகராதியும் உதவாது. பிறர் சொல்லைத் தன் நாவில் ஏந்திச் செல்பவன், அச்சொல் தனக்கு உரியதன்று என்பதை ஒவ்வோர் அடியிலும் நினைக்க வேண்டும். அந்த நினைவு உள்ளவன் கையில் சேதாரம் மட்டுமே நேரும். பொன் பொன்னாகவே போய்ச் சேரும்.